உண்கல் விளைவிப்பது எப்படி: கற்பனை உலகுக்கு ஒரு தின்னும் கல்

நாங்கள் தினமும் ஒரு கல்லைத் தின்கிறோம். சொதிக்குப் போடுகிறோம், சம்பலோடு சேர்த்து இடிக்கிறோம், மாங்காய்க் கீற்றில் தொட்டுக்கொள்கிறோம். உப்பு என்று தனிப்பெயர் இருப்பதால் அது கல் என்பது நினைவுக்கு வருவதில்லை. திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளி உப்பளத்தில் குவித்த உப்பு வெயிலில் கண்ணைக் கூசவைப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த நினைவு கொஞ்சம் அதிகம்.

மாயக்கதை எழுதத் தொடங்கும் பிள்ளைகள் திருகோணமலையில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதிக்கொண்டு வருவதில் அடிக்கடி ஒரு கல் வரும். தின்றால் பலம் வரும், பறக்கலாம், சாவு வராது. கல்லின் நிறத்தை அரைப் பக்கம் வர்ணித்திருப்பார்கள். அதை எடுத்தவர் யார், எப்படி எடுத்தார், வாயில் போட்டால் பல் என்ன ஆகும் என்று கேட்டால் பதில் இராது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு வருடங்களாக 'உண்கல்' என்று ஒரு பொருளைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதை வைத்தே படிபடியாகச் சொல்கிறேன், உங்கள் கல்லுக்கு வேண்டியதை மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: இது தாளில் செய்கிற வேலை. வெளியில் கிடக்கிற கல்லையோ மருந்துக்கடையில் வாங்கிய உப்பையோ நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

முதற்படி: ஏன் தின்கிறார்கள்?

கல்லில் பசி தீராது. உடம்பு எரித்துச் சக்தி எடுப்பது மாவையும் கொழுப்பையும் புரதத்தையும்தான். உப்பிலோ சுண்ணாம்பிலோ எரிக்க எதுவும் இல்லை. கற்கண்டு பளிங்கு மாதிரி இருந்தாலும் அது கரும்பு செய்தது, கனிமக் கணக்கில் சேராது. என் முதல் பிரதியில் உண்கல் வயிற்றை நிரப்பியது. அதை வாசித்த நண்பர், "அப்ப இந்த ஊரில ஏன் வயல் செய்யிறாங்க?" என்று கேட்டார். வயல் போனால் குளம் போகும், மாடு போகும், அறுவடைத் திருவிழா போகும். நாற்பது பக்கத்தைத் தூக்கிப் போட்டேன். பசி தீர்க்கும் கல்தான் வேண்டும் என்றால் அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது என்று சொல்லியாக வேண்டும், அது இல்லாத உலகத்தைவிட முற்றிலும் வேறான உலகத்தைக் கட்ட வேண்டும். தொடக்கத்திலேயே அந்தச் சுமை வேண்டாம்.

உண்மையில் மனிதரும் விலங்கும் கனிமத்தை நாடுவது பெரும்பாலும் உடம்புக் குறைக்காகத்தான். கென்யாவில் எல்கன் மலைக் குகைக்குள் யானைகள் இருட்டில் நடந்துபோய்த் தந்தத்தால் சுவரைக் குத்தி உப்புள்ள பாறையைத் தின்கின்றன. எங்கள் ஊர்களில் பிள்ளைத்தாச்சிகள் சிலருக்கு மண் தின்ன ஆசை வரும். இந்தக் குறை என்கிற இடத்தில்தான் நல்ல கதை கிடக்கிறது. அயடீனை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் போதும். எழுபது வருடத்துக்குச் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி நிரம்பாது. அது கிடைக்காவிட்டால் கழுத்தில் கழலை வரும், வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியே தடைப்படும். இலங்கையில் 1995இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பதைச் சட்டமாக்கியது இதற்காகத்தான்.

உண்கல்லுக்கு இதையே எடுத்தேன். அந்த உலகத்து மக்கள் உண்கல் தின்னாவிட்டால் முகங்களை மறப்பார்கள். முதலில் சந்தையில் கண்டவர், பிறகு அயலவர், கடைசியில் பெற்ற பிள்ளை. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்கிற பழமொழியைச் சொல்லுக்குச் சொல் உண்மையாக்கினால் எப்படி இருக்கும் என்பதுதான் என் தொடக்கம்.

உங்கள் கல்லுக்கு ஒரே ஒரு குறையை எழுதுங்கள். "இது இல்லாவிட்டால் உடம்பில் என்ன போகும்?" பதில் ஒரு வரியில் வராவிட்டால் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

இரண்டாம் படி: எப்படி விளைகிறது?

இதில் அவசரப்படாதீர்கள். கல் விளையும் முறைதான் அந்த ஊரின் நாட்காட்டியை, தொழிலை, சண்டையை எல்லாம் தீர்மானிக்கும்.

கடலுப்பு வெயிலில் விளைகிறது. ஆயிரம் லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிலோ உப்புகள் கரைந்திருக்கும், அதில் நாங்கள் தின்னும் உப்பு 27 கிலோ அளவில். தண்ணீர் வற்ற வற்ற ஒவ்வொன்றாக இறங்கும். முதலில் சுண்ணாம்புச் சத்து, பிறகு ஜிப்சம். பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மிஞ்சும் தறுவாயில் உப்பு மணி கட்டத் தொடங்கும். அதற்கும் பிறகு மிஞ்சுகிற நீர் கசக்கும், அதில் மக்னீசியம் அதிகம். அதை வடித்து விட்டுவிட வேண்டும், விடாவிட்டால் உப்பு கசந்து எந்நேரமும் நசநசத்துக் கிடக்கும். எங்கள் பக்கம் இந்த வேலைக்கு ஏற்ற காலம் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வீசுகிற நாட்கள். வாடை தொடங்கி மாரி மழை விழுந்தால் பாத்தி திரும்பவும் வெறும் தண்ணீர்தான்.

காற்று அடங்கிய மத்தியானத்தில் பாத்தியின் விளிம்பில் குந்தியிருந்து பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் மேல் ஒரு மெல்லிய ஆடை படரும். உற்றுப் பார்த்தால் ஆடை இல்லை, குட்டிக் குட்டிச் சதுரங்கள். ஒவ்வொரு சதுரமும் நடுவில் குழிந்து, கவிழ்த்து வைத்த கூம்பு மாதிரி மிதக்கும். பாரம் கூடக் கூட விளிம்பில் புதுச் சதுரம் கட்டிக்கொண்டே கீழே இறங்கும். விரலால் தொட்டால் அந்தக் கணமே தாழ்ந்துபோகும். ஒரு கனிமம் பிறப்பதை வெறும் கண்ணால் பார்க்கக் கிடைக்கிற இடம் இது.

ஆனால் எல்லாக் கல்லும் வற்றித்தான் விளைய வேண்டும் என்றில்லை. நூறு மில்லிலீற்றர் தண்ணீரில் ஏறக்குறைய 36 கிராம் உப்புக் கரையும், சூடாக்கினாலும் பெரிய வித்தியாசம் வராது. படிகாரம் அப்படி இல்லை. கொதிநீரில் பல மடங்கு கரையும், ஆறினால் கரைந்ததில் பெரும்பகுதி பளிங்காகத் திரும்பி வரும். கற்கண்டும் சூடான பாகு ஆற ஆற நூலில் கட்டுவதுதான். ஆக, வெயிலில் விளையும் கல் ஒரு வகை, குளிரில் விளையும் கல் இன்னொரு வகை.

எனக்கு வழி கிடைத்தது திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியாவில். அங்கே ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்தில். ஆனாலும் ஒவ்வொன்றின் சூடும் வேறு. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு நின்றபோது, இதே தண்ணீர் ஒரு குளிர் நாட்டில் இருந்தால் இரவில் என்ன ஆகும் என்று யோசித்தேன். என் கதையின் ஏழூற்று நாடு அப்படி வந்தது. அங்கே ஊற்றுநீர் கொதிக்கும், இரவு உறையும். அந்தியில் வெந்நீரைக் கல் தொட்டிகளில் விட்டு நார்க் கயிறு தொங்கவிடுவார்கள். விடியும்முன் கயிற்றில் உண்கல் கட்டியிருக்கும். வெயில் ஏறினால் திரும்பக் கரைந்துவிடும். நிலாவெளியில் பகலில் நடப்பது அங்கே இரவில் நடக்கிறது, அதனால் அந்த ஊரின் தூக்கமே தலைகீழ்.

விளையும் முறை முடிவானதும் மூன்று விஷயத்தை எழுதி வையுங்கள்: விளைய எவ்வளவு நேரம், எது வந்தால் கெடும், எடுத்த பின் எவ்வளவு நாள் தாங்கும்.

மூன்றாம் படி: வாய்

சோற்றில் ஒரு மணல் கடிபட்டால் உடம்பே சிலிர்க்குமே, அதற்குக் காரணம் இருக்கிறது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் பல்லின் மேற்பூச்சு 5, மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. பல் தோற்கிறது. உப்பு ஏறக்குறைய 2.5, நகமும் அந்த அளவுதான். அதனால் உங்கள் ஆட்கள் கடித்துத் தின்னும் கல் 3ஐத் தாண்டாமல் இருக்கட்டும். வைரம் மாதிரி மின்னவேண்டும் என்ற ஆசையில் கடினமாக்கினால், கடிக்கிற காட்சியை எழுதவே முடியாது. கட்டாயம் கடினமான கல்தான் என்றால் இடிக்க உரல் வேண்டும், அரைக்க அம்மி வேண்டும், அந்த உரலும் அம்மியும் கல்லைவிடக் கடினமாக இருக்க வேண்டும்.

சுவைக்கு எங்கள் அறுசுவைக் கணக்கே போதும், அதில் பாதிக்கு மேல் உண்மையான கனிமங்கள் இருக்கின்றன. உவர்ப்புக்கு உப்பு. துவர்ப்புக்குப் படிகாரம். கசப்புக்குப் பேதியுப்பு. கார்ப்புக்கு வெற்றிலையில் கூடிப்போன சுண்ணாம்பு, வாய் வெந்துபோகும். இனிப்புத்தான் பயங்கரம். ஈய உப்பு ஒன்று இனிக்கும், ஈயச் சர்க்கரை என்றே அதற்குப் பெயர். ரோமர்கள் திராட்சைச் சாற்றை ஈயப் பாத்திரத்தில் காய்ச்சி அந்த நஞ்சையும் சேர்த்துக் குடித்திருக்கிறார்கள். கனிமம் இனித்தால் சந்தேகப்பட வேண்டும் என்று உங்கள் கதையில் ஒரு கிழவி சொல்லலாம்.

உண்கல்லுக்கு நான் கொடுத்தது துவர்ப்பு முன்னும் இலேசான உவர்ப்புப் பின்னும். நாக்கில் வைத்தால் முதலில் ஈரத்தை இழுக்கும், பச்சை வாழைக்காய் கடித்த மாதிரி. கரையும்போது குளிரும். அதற்குப் பிறகுதான் யாரோ ஒருவருடைய முகம் நினைவுக்கு வரும். மாயத்தை இப்படி மூன்றாவதாக வையுங்கள். வாய் நம்பியதென்றால் மனமும் நம்பும்.

நான்காம் படி: கை

என் கதை உயிர் பெற்றது இந்தப் படியில்தான். அதற்கு முழுக்காரணம் என் பெரியம்மா.

இளவயதில் உப்பளத்தில் கூலிக்குப் போனவர். ஒருநாள் பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஏழூற்று நாட்டைப் பற்றி அவருக்குச் சொன்னேன். கயிறு, தொட்டி, விடியற்காலை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அள்ளுற ஆக்கள் அதைத் திங்கிறவங்களா, புள்ள?" என்றார். அவர்களுக்குக் கூலியாகக் கொஞ்சம் கிடைக்கும் என்றேன். "அதில்ல. உப்பளத்தில நிண்டா உப்பைத் திங்கத் தேவையில்ல. காத்தில வரும். உதட்டை நக்கினா உப்பு. கால் வெடிப்புக்குள்ள உப்பு. வீட்ட வந்து பிள்ளையைத் தூக்கினா, அதுவும் எங்கட கையை நக்கும். உங்கட ஆக்களுக்கு அது உள்ளுக்குப் போகாதா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் வலது காலை நீட்டிக் குதியைக் காட்டினார். அந்த வேலையை விட்டு எத்தனையோ வருடமாகியும் வெடிப்பு வெள்ளை வெள்ளையாக, காய்ந்த குளத்து மண் மாதிரிக் கிடந்தது.

அன்றிரவு கதை முழுவதும் மாறியது. உண்கல் எடுப்பவர்கள் விடியவிடிய ஆவிக்குள் நிற்கிறார்கள், ஈரக்கயிற்றை வெறுங்கையால் உருவுகிறார்கள். அது அவர்களுக்குள் அளவுக்கு மிஞ்சிப் போகிறது. அரண்மனையில் இருப்பவனுக்கு மனைவி முகம் மறக்காமலிருக்க ஒரு நகக்கண் அளவு போதும். எடுப்பவர்களால் எதையுமே மறக்க முடிவதில்லை.

உங்கள் கல்லுக்கும் இதைச் செய்யுங்கள். எடுப்பவரின் ஒரு நாளை எழுந்தது முதல் படுப்பது வரை எழுதுங்கள். என்ன கருவி, என்ன கூலி, எந்த விரல் முதலில் புண்ணாகும், வீட்டுக்கு அதை எதில் கொண்டுபோகிறார்கள். உப்பளத்தில் நீளக்கம்பில் பலகை அடித்த வாரியும் பனையோலைக் கடகமும் இருந்தன என்று பெரியம்மா சொன்னார். கடகத்தில் இருந்து ஒழுகும் நீர் முதுகில் இறங்கும், அதுதான் பாரத்தைவிடக் கரைச்சல் என்றார். இப்படிப்பட்ட ஒன்றை நீங்களாக யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. உப்பளமோ, சுண்ணாம்புச் சூளையோ, கல்லுடைக்கும் இடமோ, அந்தத் தொழிலில் நின்ற யாரிடமாவது போய்க் கேளுங்கள்.

ஐந்தாம் படி: பக்குவம்

எடுத்தபடியே தின்னும் கனிமம் குறைவு. புது உப்பைக் குவித்து வைத்தால்தான் கசப்பு நீர் ஒழுகி இறங்கும். சிப்பியைச் சுட்டு நீற்றித்தான் வெற்றிலைச் சுண்ணாம்பு, தண்ணீர் விட்டதும் அது கொதிப்பதைப் பார்த்தவர்களுக்கு மாயாஜாலம் தனியாகத் தேவையில்லை. புல்மோட்டைக் கடற்கரையின் கறுத்த மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் என்ற கனிமங்கள் எல்லாம் இருக்கின்றன. அந்த இல்மனைட்டைப் போன்ற கறுப்புத் தாதுவில் இருந்துதான் டைட்டானியம் டையொக்சைட் என்ற தூய வெள்ளைத் தூள் வருகிறது. சுவருக்குப் பூசும் வண்ணத்துக்கும் இனிப்புப் பண்டங்களை வெளுப்பாக்கவும் அது பயன்பட்டது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் அதைத் தடைசெய்தது. கறுப்பு மணல் வெள்ளை மிட்டாயாகிப் பிறகு தடையாகும் இந்த ஒரு வரலாற்றில் மூன்று நாவலுக்கு விஷயம் இருக்கிறது.

உண்கல்லைப் பச்சையாகத் தின்றால் தலை சுற்றும். சாம்பல் நீரில் ஒருமுறை கழுவி நிழலில் உலர்த்தவேண்டும். அவ்வளவுதான், பக்குவத்தை நீட்ட வேண்டாம்.

ஆறாம் படி: கூடினால் என்ன?

குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. உப்பு இல்லாமல் நரம்பு வேலை செய்யாது. அதே உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், கூடினால் இரத்த அழுத்தம். உங்கள் கல்லுக்கும் இந்த இரண்டு எல்லையும் வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட வெளி எவ்வளவு ஒடுக்கமோ கதைக்கு அவ்வளவு நல்லது.

உண்கல் கூடினால் மறக்கவே முடியாது. இது சாபமா வரமா என்று எங்கள் கடற்கரைகளில் யாரும் கேட்க மாட்டார்கள். 2004 டிசம்பர் 26 காலைச் சத்தத்தை இன்றும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நிலாவெளியில் இருக்கிறார்கள். அதே ஆட்கள், அன்று போன பிள்ளையின் முகம் கொஞ்சம் மங்குகிறதே என்று அழுவதையும் பார்த்திருக்கிறேன். ஒரே கல்லுக்குள் இந்த இரண்டையும் வைக்கத்தான் நான் எழுதுகிறேன்.

ஏழாம் படி: யார் விற்கிறார்?

சங்ககாலத்தில் உமணர் என்ற உப்பு வணிகர் வண்டி கட்டி உப்பு ஏற்றி உள்நாட்டுக்குப் போனார்கள், நெல்லுக்குச் சரியாக உப்பை மாற்றினார்கள். விலை வைக்கும்போது இப்படி ஒரு பண்டமாற்றுக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. பொற்காசில் சொன்னால் வாசகருக்கு எதுவும் விளங்காது, 'ஒரு கடகம் நெல்லுக்கு ஒரு நகக்கண் உண்கல்' என்றால் உடனே விளங்கும்.

பண்டம் விளையும் ஊர் வேறு, அதை ஆளும் இடம் வேறு. எங்கள் துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயர், டேனியர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் வந்துபோனார்கள். உப்புக்கு ஆங்கிலேயர் வைத்த வரியை எதிர்த்து 1930இல் ராஜாஜி திருச்சியில் இருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். கடலில் சும்மா கிடைப்பதற்கு வரி கட்டு என்றால் சனம் பொறுக்காது. உங்கள் கல்லுக்கு ஒரு துறைமுகமும் ஒரு வரிக்காரனும் இருந்தால் வில்லனைத் தனியாகத் தேட வேண்டியதில்லை.

எட்டாம் படி: சொற்கள்

பெயர் சின்னதாக, தமிழ் வாய்க்கு வருவதாக இருக்கட்டும். உண்கலம் என்று தட்டைச் சொல்வது போல உண்கல். எடுப்பவர்களுக்கு ஒரு பெயர் வேண்டும்: கயிற்றார். கெட்டுப்போன கல்லுக்கு ஒரு பெயர்: அழுங்கல். பிறகு 'உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்' மாதிரி அந்த ஊர் ஆட்கள் சாதாரணமாகச் சொல்லும் ஒரு பேச்சு. ஏழூற்றில் ஒருவரைப் பிடிக்காவிட்டால், "உனக்காக நான் கல் தின்ன மாட்டேன்" என்பார்கள். இதற்கு மேல் விளக்கம் எழுத வேண்டாம்.

ஒன்பதாம் படி: முதல் பத்தி

சரி, இப்போது எழுதலாம். அரசனிடம் இருந்தோ, கல்லின் வரலாற்றில் இருந்தோ தொடங்காதீர்கள். நான்காம் படியில் எழுதிய நாளை எடுத்து, அதில் ஒரு கால்மணி நேரத்தை மட்டும் பிடியுங்கள். என்னுடையது இப்படித் தொடங்குகிறது:

"கடைசிக் கயிற்றை உருவியபோது விரல்நுனி மரத்திருந்தது. கல்லைக் கடகத்தில் உதறிவிட்டுக் கையைச் சாம்பல் தொட்டியில் மூன்றுமுறை முக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. வீட்டில் குழந்தை விழித்திருக்கும். போனதும் விரலைப் பிடித்து வாயில் வைக்கும். அதற்கு இன்னும் ஒரு வயதாகவில்லை, நினைவில் வைக்க எதுவும் இல்லை. நான்காம் முறையும் முக்கினாள்."

எழுதியதும் உரத்து வாசியுங்கள், தொழில் தெரிந்த ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நான் பெரியம்மாவுக்கு வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "அந்தக் கை கழுவின தண்ணியைப் பிறகு எங்க ஊத்துவாங்க?"

இரண்டாம் அத்தியாயத்தை அந்தத் தண்ணீரில் இருந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.